கார் இருக்கையின் சாய்வுப் பூட்டை வடிவமைப்பது எப்படி: புதிதாக வந்த பொறியாளருக்கு ஒரு வழிகாட்டி

ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ உள்ள ஓர் இருக்கைத் தொழிற்சாலையின் வடிவமைப்புப் பிரிவில் நீங்கள் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள், ஒரு சிறிய காரின் ஓட்டுநர் இருக்கைக்கு ரிக்ளைனர், அதாவது முதுகுச் சாய்மானத்தைச் சாய்த்துப் பூட்டும் அமைப்பு, செய்யச் சொல்லி உங்கள் மேசையில் வேலையை வைத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அன்று மாலைக்குள் பெரும்பாலானவர்கள் கணினியில் ஒரு கீலையும் ஒரு கைப்பிடியையும் வரைந்து, முதுகுச் சாய்மானம் அழகாக முன்னும் பின்னும் அசைவதைக் காட்டிவிடுவார்கள். சாய்வதில் சிரமமே இல்லை. ஒரு போல்ட் இருந்தால் எந்தப் பலகையும் சாயும். அந்த வண்டியின் ஆயுளில் சாய்மானம் நகரும் நேரத்தைக் கூட்டினால் சில மணி நேரம்கூடத் தேறாது. மீதி நேரம் முழுவதும் அது பூட்டிக் கிடக்கிறது. ஆகவே உங்களுக்குக் கொடுக்கப்பட்டிருப்பது ஒரு பூட்டு, எப்போதாவது திறக்கப்படும் பூட்டு என்று எண்ணிக்கொண்டு தொடங்குங்கள். கீழே உள்ள வரிசை அந்த எண்ணத்திலிருந்து வந்தது.

முதல் படி: ஆளை உட்காரவைத்துவிட்டுக் கீலின் இடத்தைத் தேடுவது

இருக்கை வடிவமைப்பில் எல்லா அளவுகளும் ஒரு புள்ளியிலிருந்து புறப்படுகின்றன. உட்கார்ந்திருப்பவரின் உடம்பும் தொடையும் மடங்கும் இடுப்பு மூட்டின் இடம் அது; ஹெச் புள்ளி என்பார்கள். அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஈயின் ஜே826 தரத்தில் சொல்லப்படும் முப்பரிமாணப் பொம்மையை இருக்கையில் அமர்த்தி இந்தப் புள்ளியை அளக்கிறார்கள். வடிவமைப்பாளர் வரைபடத்தில் குறித்து வைத்திருக்கும் இடத்துக்கு ஆர் புள்ளி என்று பெயர். பயணிகள் காரில் செங்குத்திலிருந்து உடற்கோடு பின்னால் சாய்ந்திருக்கும் வடிவமைப்புக் கோணம் பெரும்பாலும் 25 பாகையை ஒட்டியே இருக்கும்.

சாய்மானத்தின் கீல் இந்த ஹெச் புள்ளியிலேயே அமைந்தால் மனிதரும் சாய்மானமும் ஒரே அச்சில் சுழல்வார்கள். ஆனால் அந்த இடத்தில் இடுப்பும் மெத்தையும் இருப்பதால் கீல் சற்றுப் பின்னாலும் கீழேயும் தள்ளித்தான் அமைய முடியும். அந்தத் தள்ளலுக்கு ஒரு விலை உண்டு. கீலுக்கும் ஹெச் புள்ளிக்கும் இடையே 130 மில்லிமீட்டர் என்று கொண்டால், சாய்மானத்தை 20 பாகை சாய்க்கும்போது மெத்தை முதுகின் மேல் ஏறத்தாழ 45 மில்லிமீட்டர் வழுக்கும். நீண்ட பயணத்தில் இருக்கையைச் சாய்த்துத் தூங்கிவிட்டு, நிமிர்த்தும்போது பேண்டுக்குள் செருகியிருந்த சட்டை வெளியே வந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் காரணம் இந்த 45 மில்லிமீட்டர்தான். இடுப்புத் தாங்கி முதுகின் வேறோர் இடத்தில் போய் அழுத்துவதும் இதனால்தான். கீலை ஹெச் புள்ளிக்கு அருகே கொண்டுவர ஒவ்வொரு 10 மில்லிமீட்டருக்கும் மெத்தை வடிவமைப்பாளருடன் மல்லுக்கட்டுங்கள். இருக்கையில் உட்காருபவர் பின்னால் நன்றி சொல்வார்.

இரண்டாம் படி: எவ்வளவு சாயலாம் என்று வரையறுப்பது

விற்பனைப் பிரிவினர் எப்போதும் அதிகச் சாய்வு கேட்பார்கள். மூன்று எல்லைகளை எழுதி வைத்துக்கொண்டு அவர்களிடம் பேசுங்கள். முன்பக்கம் பூட்டிக்கொள்ளும் முதல் நிலை, பின்பக்கம் பூட்டிக்கொள்ளும் கடைசி நிலை, முன்னால் மடங்கிப் படுக்கும்போது பூட்டு செயல்படத் தேவையில்லாத பகுதி ஆகியவையே அந்த மூன்று.

பின்பக்க எல்லையைத் தீர்மானிப்பதில் பின்னிருக்கைப் பயணியின் முழங்காலைவிட சீட் பெல்ட்டுக்குத்தான் பங்கு அதிகம். பெல்ட்டின் தோள் பட்டை கதவுத் தூணிலிருந்து வருகிறது. ஓடும் வண்டியில் ஒருவர் அதிகம் சாய்ந்து படுத்தால் தோள் பட்டை மார்பை விட்டு விலகி அந்தரத்தில் நிற்கும். முன்பக்க மோதலில் உடல் இடுப்புப் பட்டைக்கு அடியில் வழுக்கிப் போய், பட்டை இடுப்பெலும்பை விட்டு வயிற்றின் மென்பகுதியை அறுக்கும். பெல்ட் சாய்மானத்திலேயே பொருத்தப்பட்டிருந்தால் தோள் பட்டையின் இந்தக் குறை பெரிதும் தீரும். ஆனால் அப்போது ரிக்ளைனரின் சுமை வேறு உலகத்துக்குப் போய்விடுகிறது: ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வகுத்த ஈசிஈ ஆர்14 விதி தோள் பட்டைக்கு 13.5 கிலோநியூட்டன் இழுவிசை கேட்கிறது. அது கீலுக்கு 0.6 மீட்டர் மேலே இழுத்தால் 8,000 நியூட்டன் மீட்டருக்கு மேல் திருப்புவிசை வரும். முதல் வேலையாக அப்படிப்பட்ட இருக்கையைத் தொடாதீர்கள்.

மூன்றாம் படி: சுமையைக் கீலுக்கு மாற்றிக் கணக்கிடுவது

விதிகளில் உள்ள எண்ணை அப்படியே எடுத்து ரிக்ளைனரின் மேல் வைப்பது புதியவர்கள் செய்யும் முதல் தவறு. ஐரோப்பிய வழியில் வந்த ஈசிஈ ஆர்17 விதி, சாய்மானத்தின் மேற்பகுதியைப் பின்னோக்கித் தள்ளி, ஆர் புள்ளியைப் பற்றி 530 நியூட்டன் மீட்டர் திருப்புவிசையைக் கேட்கிறது. அமெரிக்காவின் வாகனப் பாதுகாப்பு விதியான எஃப்எம்விஎஸ்எஸ் 207 கேட்பது ஓர் இருக்கைக்கு 373 நியூட்டன் மீட்டர்தான். இரண்டும் இடுப்புப் புள்ளியைப் பற்றியவை. உங்கள் கீல் அங்கே இல்லை.

கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். விசை கொடுக்கப்படும் இடம் ஆர் புள்ளிக்கு 0.45 மீட்டர் மேலே என்றால் 530 நியூட்டன் மீட்டருக்குத் தேவையான விசை சுமார் 1,178 நியூட்டன். கீல் ஆர் புள்ளிக்கு 0.1 மீட்டர் கீழே இருந்தால் அதே விசை கீலைப் பற்றி 0.55 மீட்டர் கையில் செயல்பட்டு 648 நியூட்டன் மீட்டராகிறது. நூற்றுக்கு இருபத்திரண்டு கூடுதல். இதை மறந்து 530-க்கு வடிவமைத்தவர் சோதனைக் கூடத்தில்தான் உண்மையைத் தெரிந்துகொள்வார்.

முன்னோக்கிய சுமையையும் விட்டுவிடக் கூடாது. ஆர்17 விதிப்படி வண்டிக்கூட்டுக்கு 30 மில்லிநொடி நேரம் 20 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 20 மடங்கு) வேகத்தணிப்பு கொடுக்கும்போது சாய்மானத்தின் சொந்த எடையே அதை முன்னால் இழுக்கும். 10 கிலோ எடையும் கீலிலிருந்து 0.3 மீட்டரில் ஈர்ப்பு மையமும் உள்ள சாய்மானத்துக்கு இது ஏறத்தாழ 590 நியூட்டன் மீட்டர். ஆக இரு திசையிலும் சுமை கிட்டத்தட்ட ஒன்றே. பின்னிருக்கையாக இருந்தால், 18 கிலோ எடையுள்ள இரண்டு பெட்டிகள் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து சாய்மானத்தின் முதுகில் மோதும் சோதனையும் சேர்ந்துகொள்ளும்.

விதியின் எண்ணோடு நின்றுவிடாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. அமெரிக்க விதியின் 373 என்ற எண் 1960-களின் பிற்பகுதியைச் சேர்ந்தது. அது போதாது என்ற விவாதம் நெடுங்காலமாக நடந்து, 2024 ஜூலையில்தான் அந்நாட்டின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு அதைத் திருத்துவது குறித்துக் கருத்துக் கேட்டு முன்னறிவிப்பு வெளியிட்டது. உண்மையான பின்பக்க மோதலில் என்ன நடக்கும் என்பதைக் கையால் கணக்கிடலாம். சாய்மானத்தை அழுத்தும் மேலுடலின் எடை 40 கிலோ, அதன் மையம் கீலுக்கு 0.35 மீட்டர் மேலே, முடுக்கம் 12 ஜி என்று கொண்டால் 1,650 நியூட்டன் மீட்டர் வருகிறது. விதி கேட்பதைப்போல் இரண்டரை மடங்கு. இந்த எண்ணைத்தான் இனி வரும் படிகளில் எடுத்துக்கொள்ளப் போகிறோம்.

நான்காம் படி: பூட்டின் வகையைத் தேர்ந்தெடுப்பது

கார்களில் பெரும்பாலும் இரண்டு குடும்பங்கள் உள்ளன. ஒன்று, கைப்பிடியை இழுத்தால் திறந்து, விட்டால் அருகிலுள்ள பல்லில் பூட்டிக்கொள்ளும் படிநிலை வகை. மற்றொன்று, குமிழையோ மோட்டாரையோ சுற்றச் சுற்ற மெல்ல நகரும் தொடர்நிலை வகை. இரண்டாவதில் உட்பல் வளையம் ஒன்றும், அதைவிட ஒரு பல் குறைவான வெளிப்பல் சக்கரம் ஒன்றும் மையம் விலகிய நிலையில் கவ்வியிருக்கும். வெளிப்பல் 36, உட்பல் 37 என்றால், விலகுமையத் தண்டு ஒரு முழுச் சுற்று சுற்றும்போது வளையம் 9.7 பாகை மட்டுமே நகரும். இடையில் ஸ்பிரிங் வைத்துத் தள்ளப்படும் இரண்டு ஆப்புத் துண்டுகள் இடைவெளியை எப்போதும் அடைத்துக்கொண்டே இருப்பதால் ஆட்டம் என்பதே இராது. நடைமுறையில் இதுவே மென்மையான அமைப்பு. ஆனால் உராய்வை நம்பி நிற்பதால், மசகும் அதிர்வும் சேர்ந்து மாதக்கணக்கில் சாய்மானத்தைச் சிறிது சிறிதாக இறக்கிவிடும் அபாயத்தைத் தனியாகச் சோதிக்க வேண்டியிருக்கும். விலையும் கூடுதல்.

சிறிய காரின் ஓட்டுநர் இருக்கைக்குக் கைப்பிடியுள்ள வட்ட வடிவப் படிநிலை ரிக்ளைனரே பொருத்தம். புதியவர் கற்றுக்கொள்வதற்கும் அதுவே நல்லது. ஏனென்றால் அதன் ஒவ்வோர் உறுப்பும் செய்யும் வேலையைக் கண்ணால் பார்க்கலாம்.

ஐந்தாம் படி: பல்லும் பூட்டுக்கட்டையும் கேமும்

ஒரு பழைய ரிக்ளைனரைப் பழைய இரும்புக் கடையில் வாங்கி, விளிம்பு வளையத்தை அரத்தால் அறுத்துத் திறந்து பாருங்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் இரண்டு தட்டுகள் இருக்கும். ஒன்றின் உள்விளிம்பில் நுண்ணிய பற்கள் சுற்றிலும் வெட்டப்பட்டிருக்கும். அது சாய்மானத்தோடு பற்றவைக்கப்படுகிறது. மற்றதில் ஆரத் திசையில் அமைந்த பள்ளங்களில் இரண்டு முதல் நான்கு வரை சிறு கட்டைகள் வழுக்கும். அது மெத்தைச் சட்டத்தோடு சேர்கிறது. அந்தக் கட்டைகளின் ஆங்கிலப் பெயரைத் தமிழில் எழுதினால் குடிக்கும் பாலாகத்தான் படிக்க நேரும் என்பதால் இங்கே பூட்டுக்கட்டை என்கிறேன். நடுவில் ஒரு கேம் (சுழலும்போது பிற உறுப்புகளைத் தள்ளும் தட்டு), அதைச் சுழற்றிக் கட்டைகளை வெளியே தள்ளி வைத்திருக்கும் சிறிய ஸ்பிரிங்குகள். கைப்பிடியை இழுத்தால் கேம் திரும்பிக் கட்டைகளை உள்ளே இழுத்துக்கொள்ளும். அவ்வளவுதான்.

பற்களின் அளவை முதலில் தீர்மானியுங்கள். இரண்டு பாகைக்கு ஒருமுறை பூட்ட வேண்டுமானால் முழு வட்டத்துக்கு 180 பற்கள். பல் வட்டத்தின் விட்டம் 60 மில்லிமீட்டர் என்றால் பல்லுக்குப் பல் இடைவெளி 1.05 மில்லிமீட்டர், ஒரு பல்லின் தடிமன் அதில் பாதி. ஒரு பல்லின் தடிமன் மெக்கானிக்கல் பென்சிலின் மெல்லிய கரிக்குச்சி அளவுதான் என்பதை ஒருமுறையாவது உருப்பெருக்கியில் பாருங்கள். 1,650 நியூட்டன் மீட்டரை இரு பக்க ரிக்ளைனர்களும் சமமாகப் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொன்றுக்கும் 825. பல் வட்டத்தின் ஆரம் 30 மில்லிமீட்டர் என்பதால் பற்களின் மேல் வரும் தொடுவிசை 27.5 கிலோநியூட்டன், அதாவது கிட்டத்தட்ட 2.8 டன்.

மூன்று கட்டைகள், கட்டைக்கு 16 பற்கள், பல்லின் அகலம் 4 மில்லிமீட்டர் என்றால் வெட்டுக்கு நிற்கும் பரப்பு சுமார் 100 சதுர மில்லிமீட்டர். வெட்டுத் தகைவு 275 மெகாபாஸ்கல். எண்ணைப் பார்த்ததும் நிம்மதியாக இருக்கும். ஆனால் 48 பற்களும் ஒரே நேரத்தில் சுமையை ஏற்கும் என்று யார் சொன்னது? கட்டை தன் பள்ளத்தில் வழுக்குவதற்கு இடைவெளி வேண்டும். அந்த இடைவெளிக்குள் அது சற்றுக் கோணலாகத் திரும்பி ஒரு மூலையில் மட்டும் அழுத்தும். மூன்றில் ஒரு பங்கு பற்கள் மட்டுமே பிடித்தால் தகைவு 825 மெகாபாஸ்கல் ஆகிவிடும். 1,000 மெகாபாஸ்கல் இழு வலிமை உள்ள எஃகின் வெட்டு வலிமையோ ஏறத்தாழ 600 தான். அதனால் பல்லைப் பெரிதாக்குவதைவிட, கட்டை எவ்வளவு நேராக நிற்கிறது என்பதைக் கட்டுப்படுத்துவதுதான் உங்கள் முதன்மைக் கவலையாக இருக்க வேண்டும். கட்டையின் வழிகாட்டிப் பள்ளத்தை நீளமாக்குங்கள். டாலரன்ஸை, அதாவது அளவில் விடும் சலுகையை, அங்கே இறுக்கிவிட்டு வேறு இடங்களில் தளர்த்துங்கள்.

அடுத்து, பல் சுமை வாங்கும்போது கட்டையை உள்ளே தள்ளப் பார்க்கும் விசை. பல்லின் பக்கச் சாய்வு 25 பாகை என்றும் மசகிட்ட எஃகின் உராய்வு எண் 0.1 என்றும் வைத்துக்கொண்டால், உராய்வுக் கோணம் 5.7 பாகை. ஒரு கட்டையின் மேல் வரும் 9.2 கிலோநியூட்டன் தொடுவிசையிலிருந்து, எஞ்சிய 19.3 பாகையின் வழியே 3.2 கிலோநியூட்டன் கட்டையை மையத்தை நோக்கித் தள்ளுகிறது. இந்த விசையைச் சிறு ஸ்பிரிங் தாங்காது. கேம்தான் தாங்க வேண்டும். கேமின் முகம் கட்டையின் முதுகைத் தொடும் இடத்தில் உள்ள சாய்வு உராய்வுக் கோணத்தைவிடச் சிறியதாக இருந்தால், எத்தனை விசையோடு தள்ளினாலும் கேம் பின்னோக்கித் திரும்பாது. பெரிதாக இருந்தால் மோதலின் நடுவே பூட்டு தானாகத் திறந்துவிடும்.

இங்கேதான் உங்கள் தீர்ப்பு தேவைப்படுகிறது. 5 பாகை வைத்தால் கணக்கில் பூட்டும். ஆனால் அதிர்வின்போதும் புது மசகு இட்ட நிலையிலும் உராய்வு எண் 0.1-க்குக் கீழே இறங்கக்கூடும் என்பதால் விளிம்பில் நிற்கிறீர்கள். 2 பாகை வைத்தால் பூட்டு அசையாது. ஆனால் கேம் ஆப்புப்போல் இறுகிக்கொண்டு, பருமனான ஒருவர் சாய்ந்து எழுந்த பிறகு கைப்பிடி வர மறுக்கும். மேலும் சாய்வு குறையக் குறைய, உறுப்புகளின் அளவு வேறுபாட்டை ஈடுகட்டக் கேம் அதிகத் தூரம் திரும்ப வேண்டியிருக்கும். நான் 3 முதல் 4 பாகைக்குள் தொடங்கி, மாதிரிகளைச் செய்து பார்த்துத்தான் முடிவெடுப்பேன்.

ஆட்டம் பற்றி ஒரு வார்த்தை. கீலில் பத்தில் ஒரு பாகை இடைவெளி இருந்தால் 700 மில்லிமீட்டர் மேலே, சாய்மானத்தின் உச்சியில் 1.2 மில்லிமீட்டர் ஆட்டமாகத் தெரியும். வலிமைக்கு அதனால் குறையில்லை என்றாலும், ஆளில்லாத பக்கத்து இருக்கை குண்டுகுழியான சாலையில் கடகடவென்று அடித்துக்கொள்ளும். வாடிக்கையாளர் வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்துவது அந்தச் சத்தத்துக்காகத்தான்.

ஆறாம் படி: மீட்பு ஸ்பிரிங்கும் கைப்பிடியும்

கைப்பிடியை இழுத்ததும் சாய்மானம் தானாக நிமிர்ந்து வந்து முதுகைத் தொட வேண்டும். அதற்குத்தான் பக்கவாட்டில் கடிகாரச் சுருள்போல் ஒரு தட்டை ஸ்பிரிங். மேலே சொன்ன 10 கிலோ சாய்மானத்துக்கு, 25 பாகைச் சாய்வில் புவியீர்ப்பு 12.4 நியூட்டன் மீட்டரும் 60 பாகையில் 25.5 நியூட்டன் மீட்டரும் பின்னால் இழுக்கும். சாயச் சாய ஸ்பிரிங்கும் இறுகுவதால் இரண்டும் சேர்ந்தே ஏறுகின்றன. 25 பாகையில் 20 நியூட்டன் மீட்டரும், பாகைக்கு 0.3 வீதம் ஏற்றமும் வைத்தால் 60 பாகையில் 30.5 கிடைக்கும், இரு முனையிலும் உராய்வை வெல்ல ஐந்துக்கு மேல் கையில் நிற்கும். இதற்கு மேல் ஸ்பிரிங்கைத் தடிமனாக்கினால், ஆள் முன்னால் குனிந்திருக்கும்போது கைப்பிடியைத் தொட்டவுடன் சாய்மானம் பாய்ந்து வந்து பிடரியில் அறையும். திட்டத்தின் கடைசி மாதத்தில் யாராவது சாய்மானத்தின் பின்புறம் ஒரு திரையையோ தட்டையோ மாட்டினால் இந்தக் கணக்கு முழுவதும் கெடும். எடை மாறினால் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கைப்பிடியை எளிய உறுப்பு என்று நான் நினைத்ததற்கு ஒருமுறை விலை கொடுத்தேன். அதிர்வு மேடையில் வைத்த மாதிரி இருக்கை இரண்டாம் நாள் காலையில் பின்னால் சாய்ந்து கிடந்தது. பற்கள் முழுதாக இருந்தன, கேமும் தேயவில்லை. அரை நாள் பார்த்த பிறகுதான் தெரிந்தது: கைப்பிடியின் பிளாஸ்டிக் விளிம்பு, பக்கவாட்டு மூடியை ஒரு காகிதத் தடிமனுக்கு உரசிக்கொண்டிருந்தது. அந்த உரசலால் கைப்பிடி திரும்பி வரும்போது கடைசி மூன்று பாகை நின்றுவிட, கேம் ஆப்பு நிலைக்குப் போகாமல் பாதி வழியில் தங்கிவிட்டது. கையால் தள்ளிப் பார்த்தபோது பூட்டியதாகத்தான் தெரிந்தது. மூடி என் வரைபடத்தில் இல்லாததால் நான் அதைக் கணக்கில் எடுக்கவே இல்லை. அன்றிலிருந்து கைப்பிடியை நேரடியாகக் கேமோடு இறுக்கிக் கட்டாமல், திரும்பும் திசையில் சில பாகை வெற்று நகர்வு வைத்துவிடுகிறேன். கைப்பிடி சிக்கினாலும் கேம் தன் வழியே போய் அமர்ந்துகொள்ளும். ஆர்17 விதி பூட்டு தானாகவே செயல்பட வேண்டும் என்று கேட்பதன் பொருளும் இதுவே.

ஏழாம் படி: இரு பக்கமும் ஒரே பல்லில் அமர்வது

இரு பக்க ரிக்ளைனர்களையும் ஒரு குழாய்த் தண்டு இணைக்கிறது. கைப்பிடி ஒரு பக்கம்தான் இருக்கும். தண்டு முறுக்கிக்கொண்டால் கைப்பிடிப் பக்கம் திறந்து, மறுபக்கம் பாதி கவ்விய நிலையில் கறகறவென்று தேயும். சாய்மானச் சட்டம் வெல்டிங்கில் சற்றுக் கோணினால் ஒரு பக்கம் பல் பள்ளத்திலும் மறுபக்கம் பல்லின் நுனி நுனியின் மேலும் நிற்கும். நுனிமேல் நின்ற கட்டை, ஆள் சாய்ந்தவுடன் அடுத்த பள்ளத்தில் விழுந்தாக வேண்டும். அதற்குப் பல்லின் நுனியைத் தட்டையாக விடாமல் சிறிது வளைத்துக் கொடுங்கள். வெல்டிங் பொறியில் இரண்டு ரிக்ளைனர்களையும் பூட்டிய நிலையில் வைத்து, ஒரே நிலைப்பின்னால் பிடித்துக்கொண்ட பிறகே சட்டத்தோடு பற்றவைக்க வேண்டும் என்று வரைபடத்திலேயே எழுதிவிடுங்கள். வெல்டிங் சூட்டில் தட்டு வளைந்து உள்ளே கட்டைகள் இறுகுவதும் இங்கேதான் நடக்கும் என்பதால், பற்றவைப்புக் கோட்டைப் பள்ளங்களிலிருந்து விலக்கி வையுங்கள்.

எட்டாம் படி: பொருளும் பதமும்

பல் தட்டுகளை, விளிம்பு கிழியாமல் துல்லியமாக வெட்டும் ஃபைன் பிளாங்கிங் முறையில் வெட்டுகிறார்கள். சாதாரண பிரஸ்ஸில் வெட்டினால் விளிம்பு கிழிந்து பல்லின் முகத்தில் பாதிதான் வேலை செய்யும். 16எம்என்சிஆர்5 போன்ற கேஸ் ஹார்டனிங் எஃகு நன்றாகப் பொருந்தும்: மேற்பரப்பு கடினமாகவும் உட்பகுதி இழுபடக் கூடியதாகவும் இருக்கும். ஆனால் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள பல்லுக்கு, பெரிய கியருக்குக் கொடுப்பதுபோல் ஆழமான கடினப்படுத்தலைக் கொடுத்தால் பல் முழுவதும் கண்ணாடிபோல் ஆகி, மோதலில் நொறுங்கிவிடும். கடின அடுக்கை ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒன்றிரண்டு பங்குக்குள் நிறுத்துங்கள். கடினப்படுத்திய உறுப்புக்கு எலக்ட்ரோபிளேட்டிங்கில் துத்தநாக முலாம் பூசினால் ஹைட்ரஜன் உள்ளே புகுந்து, சுமை நிற்கும்போதே முன்னறிவிப்பின்றி விரிசல் விடும். முலாம் பூசிய சில மணி நேரத்துக்குள் 190 முதல் 220 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி வைப்பது அதற்கு மாற்று. முலாம் பூசும் கூடத்துக்கு நேரில் போய் அடுப்புப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பேருந்துக்கு என்றால்

கரூரில் பேருந்துக் கூடு கட்டும் பட்டறைகளுக்குப் புஷ்பேக் சீட் செய்பவர்களிடமிருந்து இந்தக் கேள்வி அடிக்கடி வரும். அங்கே வட்ட ரிக்ளைனர் அரிது. சாய்மானத்தின் கீழ் நுனியில் பூட்டக்கூடிய காஸ் ஸ்பிரிங் ஒன்றையோ, தண்டைச் சுற்றிக் கவ்விக்கொண்டு பொத்தானை அழுத்தினால் சற்றே விரிந்து விடும் சுருள் பூட்டையோ வைக்கிறார்கள். கீலிலிருந்து காஸ் ஸ்பிரிங் இணையும் இடம் 80 மில்லிமீட்டர் தூரத்தில் இருந்தால், 20 பாகைச் சாய்வுக்கு சுமார் 28 மில்லிமீட்டர் நகர்வு போதும். ஆனால் நாம் கணக்கிட்ட 648 நியூட்டன் மீட்டர் அந்தச் சிறிய கையில் 8.1 கிலோநியூட்டன் ஆகிறது. வாங்கும் காஸ் ஸ்பிரிங்கின் தள்ளுவிசையைப் பார்த்து ஏமாறாமல், பூட்டிய நிலையில் அது தாங்கும் விசையைக் கேட்டு வாங்குங்கள். இரண்டும் வெவ்வேறு எண்கள்.

கடைசிப் படி: உடைத்துப் பார்ப்பது

இறுதிச் சான்றிதழுக்கான சோதனை பூனேயின் ஏஆர்ஏஐ, ஒரகடத்தின் ஜிஏஆர்சி போன்ற நிலையங்களில் நடக்கும். அங்கே போவதற்கு முன் உங்கள் கூடத்திலேயே முடித்துக்கொள்ள வேண்டியவை நிறைய. முதலில் பாரம் எதுவும் ஏற்றாமல், கட்டையின் பற்களில் மெல்லிய மார்க்கிங் ப்ளூ தடவி, பூட்டி, ஒருமுறை கையால் சாய்மானத்தை இழுத்துவிட்டுத் திறந்து பாருங்கள். நீலம் எத்தனை பற்களில் அழிந்திருக்கிறது என்று எண்ணுங்கள். 16-க்கு 12 என்றால் மேலே போகலாம். ஒரு மூலையில் நான்கு மட்டும் என்றால் விலை உயர்ந்த எந்தச் சோதனையும் செய்யாமல் வரைபடத்துக்குத் திரும்புங்கள்.

அதன் பிறகு பூட்டித் திறக்கும் சுழற்சிகளை ஆயிரக்கணக்கில் ஓட்டுங்கள். 75 கிலோ பொம்மையை வைத்து அதிர்வு மேடையில் விடுங்கள். நுண்ணிய செம்மண் தூசியைத் தூவியும், கோடை வெயிலில் நிறுத்திய காரின் சூட்டிலும் கைப்பிடி திரும்பி வருகிறதா என்று பாருங்கள். எல்லாச் சோதனையையும் பக்கவாட்டு மூடி, துணி உறை, பெல்ட் கொக்கி ஆகியவை மாட்டிய முழு இருக்கையில் செய்யுங்கள். இழுத்து உடைக்கும் சோதனையை மட்டும் முடிவு தெரிந்த பிறகும் தொடருங்கள்: 1,650-ஐத் தாண்டியதும் நிறுத்தாமல், ஏதாவது ஒன்று உடையும்வரை இழுங்கள். முதலில் சட்டம் வளைந்து சாய்மானம் மெல்லப் பின்னால் மடிந்தால் நல்லது. அது மோதலின் ஆற்றலை உறிஞ்சும். முதலில் பற்கள் உதிர்ந்தால் ஒரே கணத்தில் சாய்மானம் தளர்ந்து விழும். அப்படி நடந்தால் சட்டத்தைப் பலவீனமாக்காதீர்கள். பல்லின் அகலத்தைக் கூட்டிவிட்டு, நீலம் தடவும் இடத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள்.